விமானி ஓய்வு பெற்ற பிறகு: மாதிரி விமானம், நடுகல், கூத்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வந்து குடியேறும் ஓய்வு பெற்ற விமானிகளும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் சொல்லிலேயே இருக்கின்றன. விமானி தன்னோடு கொண்டுவரும் பழக்கங்களில் எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்பதுதான் பெரும்பாலான பதில்களின் சாரம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை. எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று காட்டியிருக்கிறோம்.

1. 65 முடிஞ்சுடுச்சுன்னா இனிமே பறக்கவே முடியாதா சார்?

பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் விமானத்தில் 65 வயதோடு விமானியின் வேலை முடிகிறது. சொந்தமாக, சம்பளம் வாங்காமல் சிறு விமானம் ஓட்டுவது வேறு கணக்கு. அதற்கு உடல்தகுதிச் சான்றும் உரிமமும் நடப்பில் இருக்க வேண்டும், மணிக்கணக்கில் வாடகையும் கட்ட வேண்டும். அதைத் தொடர முடிந்தவர்கள் குறைவு. இந்தப் பக்கம் மற்றவர்களுக்கானது.

2. எங்க வீட்டுக்காரர் ரிடையர் ஆகி ஆறு மாசம் ஆச்சு. மொட்டை மாடில நின்னு மேல போற ஃப்ளைட்டையே பார்த்துட்டு இருக்கார். என்ன செய்யறதுன்னே தெரியல.

பார்க்கட்டும் அம்மா, அது தப்பில்லை. நாற்பது வருடம் மணிக்கணக்குப் பார்த்து எழுந்து, பட்டியல் வாசித்துச் சரிபார்த்து, இன்னொருவரோடு சேர்ந்து வேலை செய்தவர். திடீரென்று குறித்த நேரமும் இல்லை, பட்டியலும் இல்லை, பக்கத்து இருக்கையில் ஆளும் இல்லை. அந்த மூன்றையும் திருப்பிக் கொடுக்கிற பொழுதுபோக்குதான் நிற்கும். வெறுமனே ‘ஏதாவது வரையுங்களேன்’ என்றால் இரண்டு நாளில் விட்டுவிடுவார்.

ஆகவே நாளும் நேரமும் வைத்துத் தொடங்குங்கள். செவ்வாய், வெள்ளி காலை 6 மணிக்குக் கிளைடர், அதாவது என்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் மாதிரி விமானம். மாதம் ஒரு ஞாயிறு நடுகல், அதாவது வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லைப் பார்த்து வரைவது. சீசனில் ஒரு கூத்து. இரண்டு பேர் சேர்ந்து போவது நல்லது. பறந்த காலத்தில் வைத்திருந்த பதிவேடு மாதிரி ஒரு நோட்டும் வேண்டும்: தேதி, நேரம், காற்று, வெளிச்சம், என்ன செய்தோம், என்ன தவறியது. விமானிகள் இந்த நோட்டை விடாமல் எழுதுவார்கள். வேலையை அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

3. ரிமோட் விமானம் நேரா வாங்கிடலாமா? கையில வீசற கிளைடர் எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் இல்லையா?

முதலில் கையால் வீசும் கிளைடர் மூன்று செய்யுங்கள். பெரிய விமானத்தில் எடைக் கணக்கைத் தாளில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஈர்ப்பு மையம் 5 மில்லிமீட்டர் பின்னால் போனால் என்ன ஆகும் என்பதை விமானி கண்ணால் பார்த்திருக்க மாட்டார். 40 கிராம் கிளைடர் அதை ஒரே வீச்சில் காட்டிவிடும். செலவும் குறைவு. உடைந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம்.

4. சரி, பால்சா கிளைடர் அளவு சொல்லுங்க. முதல் தடவையே பறக்கணும்.

பால்சா என்பது மிக லேசான மரம். இறக்கை: 3 மி.மீ. பால்சாத் தகட்டில் 450 மி.மீ. நீளம், 75 மி.மீ. அகலம். மரத்தின் நார் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் முதல் வீச்சிலேயே மடங்கும். உடல்: 6 × 10 மி.மீ. கட்டை, 450 மி.மீ. நீளம். கிடைவால்: 1.5 மி.மீ. தகட்டில் 150 × 45. நிமிர்வால்: அதே தகட்டில் 50 × 50. இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, பின்விளிம்பை மேல்பக்கமாகச் சீவிக் கூராக்குங்கள். மிகத் தடித்த இடம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும், அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். 220 தாளில் தொடங்கி 320-ல் முடிக்கலாம்.

இறக்கையை நடுவில் வெட்டி, வெட்டுமுகங்களைச் சற்றுச் சாய்வாகத் தேய்த்து, ஒரு பாதியை மேசையில் தட்டையாக அழுத்தி, மறுபாதியின் நுனிக்கடியில் 75 மி.மீ. உயரத்துக்குப் புத்தகம் வைத்து ஒட்டுங்கள். நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 10 டிகிரி எழும்பியிருக்கும். கிளைடர் சாய்ந்தால் தானே நிமிர்வது இந்த எழும்பலால்தான். இதைக் குறைத்தவர்களின் கிளைடர் வட்டம் சுற்றி இறங்கி மண்ணைக் குத்துகிறது.

மூக்கிலிருந்து 110 மி.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு. அதனடியில் 1.5 மி.மீ. பால்சாத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். வாலைவிட இறக்கை ஒரு டிகிரிக்குச் சற்று மேலான கோணத்தில் நிற்கும். வால் இரண்டும் பின்முனையில், மேசை விளிம்பில் வைத்துப் பார்த்து நேராக. பசை காய ஓர் இரவு விடுங்கள். கடைசியில் மூக்கில் களிமண் ஒட்டி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 26 மி.மீ. பின்னால் இரண்டு விரல் நுனியில் தாங்கினால் சமமாக நிற்கும்படி செய்யுங்கள். பெரும்பாலும் 10 முதல் 12 கிராம் களிமண் பிடிக்கும். ‘மூக்கு இவ்வளவு கனமா?’ என்று பயந்து குறைக்கக் கூடாது.

5. பால்சா எங்க கிடைக்கும்? தெர்மாகோல்ல செய்யலாமா?

ஓசூரிலிருந்து பெங்களூரு கிட்ட. அங்கே மாதிரி விமானச் சாமான் கடைகளில் கிடைக்கும், இணையத்திலும் வாங்கலாம். கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே மேல். ஒரே அளவுத் தகடுகளிலேயே ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு கனக்கும். இறக்கைக்கு லேசானது, உடலுக்குக் கெட்டியானது.

5 மி.மீ. ஃபோம் தகட்டிலும் செய்யலாம், பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. ஒரே எச்சரிக்கை: ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை தெர்மாகோலைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படியே. ஃபெவிகால் போதும்.

6. வீசினா ஒரு தடவை மூக்கு குத்துது, ஒரு தடவை மேல ஏறி நின்னு தொப்புனு விழுது. எது தப்பு?

முதலில் வீச்சைச் சரிசெய்யுங்கள். தோள் உயரத்திலிருந்து, இறக்கை மட்டமாக, மூக்கு இம்மியளவு கீழே பார்க்க, ஈட்டி எறிவது போலல்லாமல் தள்ளி விடுங்கள். ஒரே மாதிரி ஐந்து முறை வீசிய பிறகே முடிவுக்கு வர வேண்டும். நன்றாக அமைந்தது காற்றில்லாத நேரத்தில் 8, 9 மீட்டர் சறுக்கி வயிற்றால் இறங்கும்.

ஐந்து முறையும் ஏறி நின்று விழுந்தால் மூக்கில் அரை கிராம் அரை கிராமாகக் களிமண் கூட்டுங்கள். ஐந்து முறையும் குத்தினால், ஈர்ப்பு மையம் கேள்வி 4-ல் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், கிடைவாலின் பின்விளிம்பில் வாயால் ஈர ஆவி ஊதி ஒரு மில்லிமீட்டர் மேல்நோக்கி வளையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரே பக்கமாகத் திரும்பினால், பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஏதாவது ஓர் இறக்கை முறுக்கியிருக்கும். வெயிலில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்த கிளைடர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

7. எங்க போய் விடறது? எந்த மாசம் நல்லது?

அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடு, வற்றிய ஏரிப் படுகை. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மாந்தோப்புப் பக்கம் வேண்டாம். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாட்டிக்கொள்ள மரத்துக்குப் பஞ்சமில்லை, பூ எடுத்த மரத்தைக் கல்லால் அடித்தால் தோட்டக்காரர் சும்மா விடவும் மாட்டார். மின்கம்பி ஓடும் காடும் வேண்டாம். கம்பியில் மாட்டியதைக் கொம்பு வைத்து எடுக்கவே கூடாது.

மார்கழி முதல் மாசி வரை, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அருமையான நேரம். ஓசூரில் பனி விலகக் கொஞ்சம் தாமதமாகும். ஒன்பதரைக்கு மேல் தரை சூடாகி அனல் எழும்பத் தொடங்கும். அதில் கிளைடர் கொஞ்சம் ஏறுவதைப் பார்ப்பது தனி சந்தோஷம், ஆனால் திரும்பி வராமலும் போகும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இதெல்லாம் நமக்கு வேண்டாம். அந்த மாதம் பட்டறை வேலை செய்யுங்கள்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கடலோரத்தில் சரிபார்த்த மாதிரியை இங்கே கொண்டுவந்தால் அதே எடைக்கு 4, 5 சதவீதம் வேகமாகத்தான் பறக்கும், இறங்கும்போதும் அப்படியே. காற்று அடர்த்தி குறைந்தால் ஓடுபாதை ஏன் நீள வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

8. இருபதாயிரம் மணி நேரம் பறந்தவர் ரிமோட் விமானத்தை முதல் நாளே உடைச்சுட்டார். எப்படிங்க?

இது வழக்கமாக நடப்பதுதான். உள்ளே உட்கார்ந்து ஓட்டியவருக்கு இடது என்றால் எப்போதும் இடது. வெளியே நிற்பவரை நோக்கி விமானம் வரும்போது ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் பார்ப்பவருக்கு அது வலப்பக்கம் சாயும். பழகிய கை, தவறு தெரிந்தவுடன் இன்னும் பலமாகத் தள்ளும். மூன்று விநாடியில் முடிந்துவிடும். இதற்கு ஒரே மருந்து: விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல. இதைக் கணினி சிமுலேட்டரில் பத்து மணி நேரம் பழகிய பிறகு வயலுக்குப் போகலாம்.

இரண்டாவது காரணம், இருக்கை சொல்லும் சேதி இல்லை. வேகம் குறைவதை முதுகும் காதும் சொல்லிப் பழகியவர்களுக்கு இங்கே கண் மட்டும்தான். அதனால் திருப்பத்தில் வேகம் செத்து விழுகிறது. உயரத்தில், மூன்று தவறுக்கு இடம் விட்டு ஓட்டுங்கள். உடலுக்கு மேலே இறக்கை வைத்த, இறக்கை நுனிக்கு நுனி 1.2 முதல் 1.4 மீட்டர் வரையுள்ள ஃபோம் பயிற்சி விமானம் வாங்குவது உத்தமம். விமானி ஆசைப்படும் போர்விமான மாதிரி இரண்டு வருடம் கழித்து.

மூன்றாவதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது: ஒட்டிச் சரிசெய்தபின் கட்டுப்பாடுகள் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு முறையும் பின்னால் நின்று பாருங்கள். குச்சி வலது என்றால் வலது இறக்கை மடிப்பு மேலே எழ வேண்டும், குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வால் மடிப்பு மேலே எழ வேண்டும். முன்பு ஓடுபாதைக்குப் போகும் வழியில் தினமும் செய்த அதே சோதனைதான். சின்னது என்று இங்கே விட்டுவிடுகிறார்கள்.

9. பாட்டரி உப்பிப் போச்சு. போன மாசம்தான் வாங்கினது.

லித்தியம் பாலிமர் பாட்டரி முழுச் சார்ஜில் கிடந்தாலும் கெடும், அடியோடு தீர்ந்தாலும் கெடும். பறந்து முடிந்தபின் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வையுங்கள், ஓட்டும்போது 3.5-க்குக் கீழே விட வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் ஒரு மத்தியானம் போதும், உப்பிவிடும். உப்பியதை அழுத்தவோ குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அடியில் சிமெண்டுத் தரையோ ஓடோ இருக்க வேண்டும்.

10. எங்கிட்ட ஏடிபிஎல் இருக்கே, டிரோன் லைசென்ஸ் தனியா எதுக்கு?

இரண்டும் வேறு. ஏடிபிஎல் என்பது பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கான உரிமம். 2021 டிரோன் விதிகளில் தொலைவிமானிச் சான்றுக்கு வயது 18 முதல் 65 வரை என்று இருக்கிறது. 65-ல் ஓய்வு பெற்றவருக்கு இது வருத்தமான செய்திதான். ஆனால் 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகைக்கும் அந்தச் சான்று தேவையில்லை. கேள்வி 8-ல் சொன்ன பயிற்சி விமானம் ஒரு கிலோ சொச்சம்தான் வரும்.

சான்று வேண்டாம் என்பதால் இடம் பார்க்காமல் விடலாம் என்று பொருளில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் வயல் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பச்சையில் பொதுவாக 400 அடி உயரம் வரை. ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் ஓடுபாதை இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

11. நடுகல் நடுகல்னு சொல்றீங்களே, அது எங்க ஊர் வேடியப்பன் கல்லுதானே?

பல ஊர்களில் அதேதான். போரிலோ, ஆநிரை மீட்பதிலோ, புலியோடு மோதியோ இறந்த வீரனுக்கு நட்ட கல் நடுகல். தகடூர் என்று பழம்பெயர் கொண்ட தருமபுரிப் பகுதி இவற்றுக்குப் பேர்போனது. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ‘காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல்’ என்று முறை சொல்கிறது. மக்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டு வந்ததால்தான் பல கற்கள் இன்றும் நிற்கின்றன.

பார்க்கத் தொடங்க வெளியூர் அலைய வேண்டாம். தருமபுரியில் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பழைய கற்களில் ஒரே ஓர் உருவம், கையில் வில்லும் வாளும், தலைக்கு மேல் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துவடிவம். பிற்காலத்தவை சிலவற்றில் மூன்று அடுக்கு: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிப் போவது, மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது.

12. காலைல ஏழு மணிக்கே போனேன். வெயில் நல்லா அடிச்சுது, ஆனா உருவம் தட்டையா, ஒண்ணுமே தெரியல.

கல் கிழக்கு பார்த்து நின்றிருக்கும். இறங்குவெயிலில் மேலிருந்து பார்த்தால் சிறு மேடுகூட நிழல் போட்டுத் தெரியும், சூரியன் முதுகுக்குப் பின்னால் நேராக இருந்தால் குன்றுகூடத் தட்டையாகும். விமானிக்கு இது பழகிய காட்சி. இங்கேயும் அதேதான்: வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும், முகத்தில் அறையக் கூடாது.

கிழக்கு பார்த்த கல்லுக்குச் சரியான நேரம் காலை 11.15 வாக்கில். நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.15-க்கு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெயில் அந்தக் கல்முகத்தோடு சுமார் 15 டிகிரியில் மேலிருந்து வழியும். மூக்கு, மார்பில் தைத்த அம்பு, இடுப்புக் கச்சின் மடிப்பு எல்லாம் எழுந்து நிற்கும். முக்கால் மணி நேரம்தான், பிறகு முகம் இருண்டுவிடும். மேற்கு பார்த்த கல்லுக்கு இதே கணக்கில் மதியம் 1.15. வடக்கு பார்த்த கல்லுக்கு நேர்வெயில் கிடைப்பது சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரைதான் நன்றாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. விழுந்து மல்லாந்து கிடக்கும் கல்லுக்கு மட்டும் காலை ஏழும் மாலை ஐந்தும்.

ஆகவே முதல் முறை போகும்போது வரைய வேண்டாம். திசைகாட்டியில் கல்முகத்தின் திசையைக் குறித்துக்கொண்டு வந்து, நேரம் கணக்கிட்டு மறுமுறை போங்கள். மரத்தடிக் கல்லுக்கு வெயில் எட்டாது. அப்போது இன்னொருவர் ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம், அல்லது அந்தி சாய்ந்தபின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பிடிக்கலாம்.

13. எனக்கு வரையவே வராது. போட்டோ எடுத்தா போதாதா?

போட்டோவும் எடுங்கள். ஆனால் ஒரு கல்லை இரண்டு மணி நேரம் வரைந்தவருக்கு, அந்த வீரன் எந்தக் காலை முன்வைத்திருக்கிறான் என்று பத்து வருடம் கழித்தும் நினைவிருக்கும். இது கற்பனைச் சித்திரமில்லை, அளந்து வரைவது. அளக்கத் தெரிந்தால் போதும்.

1 மீட்டருக்கு 1 மீட்டர் மரச்சட்டத்தில் 10 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டிக்கொள்ளுங்கள். கல்லைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சொந்தக் காலில் நிறுத்துங்கள். ஏ3 தாளில் 2 செ.மீ. கட்டங்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு அளவு. முதலில் கல்லின் வெளிவிளிம்பு, பிறகு தலை உச்சி, கணுக்கால், ஆயுதத்தின் இரு முனைகள் என்று புள்ளிகள், கடைசியில் கோடு. எச்.பி. பென்சில் போதும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கண்ணால் பாருங்கள். தலையை நகர்த்தினால் நூல் கல்லின்மேல் நகர்ந்துவிடும். ‘வில்லாகத்தான் இருக்கும்’ என்று ஊகித்ததைப் புள்ளிக்கோட்டிலும், கண்டதை முழுக்கோட்டிலும் போடுங்கள். இந்த ஒரு நேர்மையால்தான் ஓவியம் பின்னால் ஆராய்கிறவருக்கும் பயன்படும்.

நீர்வண்ணம் தீட்ட ஆசைப்பட்டால் 300 ஜி.எஸ்.எம். தாள். வெயில்காலத்தில் வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்து ஒரு அட்டைமேல் படிய வைத்துத் தொடங்குங்கள்.

14. எழுத்து தெரியறதுக்கு மாவு, சாக்பீஸ் தடவலாமா? மைப்படி நாமளே எடுக்கலாமா?

தடவக் கூடாது. சாக்பீஸ் போட்டவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் போடுவார், அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்காமல் சாக்பீஸைப் படிப்பார். எண்ணெய் கல்லுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போகும். மைப்படி என்பது நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. கைப்பழக்கம் இல்லாதவர் செய்தால் மை கசிந்து கல்லில் இறங்கிவிடும். அதைத் துறையில் பயின்றவர்களிடம் விட்டுவிடுங்கள். கேள்வி 12-ல் சொன்ன டார்ச்சை நான்கு திசையிலிருந்தும் பிடித்து நான்கு படம் எடுத்தால் பெரும்பாலும் போதும்.

பூசை நடக்கும் கல்லானால் பூசாரியைக் கேளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள். சந்தனமும் எண்ணெயும் மூடிய கல்லைத் துடைக்கச் சொல்லிக் கேட்கவே வேண்டாம்.

15. வட்டெழுத்து படிக்க எவ்வளவு நாள் ஆகும்?

முதல் வரியை அடையாளம் காண ஒரு மாதம். பல்லவர் காலக் கல்லென்றால் ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர் வரும். ‘மயீந்திர பருமற்கு’ என்றால் மகேந்திரவர்மனுக்கு, அடுத்து ஆட்சியாண்டு. பிறகு ‘தொறு’ என்ற சொல்லைத் தேடுங்கள், மாட்டு மந்தை என்று பொருள். ‘பட்டான்’ என்றால் இறந்தான். இந்த நான்கையும் கண்டுபிடித்துவிட்டால் நடுவில் இருப்பது ஊர்ப்பெயரும் ஆள்பெயரும். அங்கேதான் வருடங்கள் பிடிக்கும்.

16. எங்க நிலத்துல உழும்போது உருவம் செதுக்கின கல்லு கிடைச்சுது. தோட்டத்துல அழகா நிறுத்திக்கலாமா?

வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கிடைத்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, கைபேசியில் இடக்குறியீட்டைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எந்த மண்ணில், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதும் சேர்ந்ததுதான் அந்தக் கல். நகர்த்திய மறுநாளே அந்தப் பாதிச் செய்தி போய்விடும்.

17. கூத்து விடிய விடிய நடக்குமே. இந்த வயசுல உட்கார முடியுமா?

இரவுப் பணி பார்த்த உடம்புக்கு வழி தெரியும். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். ஆட்டம் இரவு ஒன்பது பத்துக்குத் தொடங்கினாலும் முக்கிய வேஷங்கள் நள்ளிரவுக்குப் பிறகே வரும், ஆகவே பதினொன்றுக்குப் போனாலும் நஷ்டமில்லை. பாயும் சால்வையும் எடுத்துப் போங்கள். விடிந்ததும் தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டாதீர்கள், அதே ஊரில் ஒரு மணி நேரம் படுத்து எழுங்கள்.

என்ஜின் சத்தத்தில் காது தேய்ந்தவர்கள் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார வேண்டாம். அரங்கின் பக்கவாட்டில், பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பலகைக்கு அருகே இடம் பிடித்தால் மத்தளமும் முகவீணையும் நேராகக் கேட்கும். பாரதக் கூத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பார்க்கக் கிடைக்கும். பதினெட்டு நாள் பாரதக் கூத்தில் ஒரே நாள்தான் போக முடியும் என்றால், துரியோதனன் வீழும் படுகளத்துக்குப் போங்கள். அது விடிந்தபின் நடப்பது, ஊரே கூடி நிற்கும்.

18. ஆடிட்டே இருக்கறவங்களை எப்படி வரையறது?

கேள்வி 13-ல் சொன்ன முறையை மறந்துவிடுங்கள். இங்கே அளவுமில்லை, கட்டமுமில்லை. 6பி பென்சிலும் சின்ன நோட்டும் போதும், ஒரு படத்துக்கு முப்பது விநாடி. கிறுகி (சுழன்று) வரும் வேஷக்காரர் ஒரே அடவுக்குத் திரும்பத் திரும்ப வருவார். முதல் சுற்றில் முதுகின் வளைவு, அடுத்ததில் கைகள், அடுத்ததில் கால். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும்போது கிரீடத்தின் உச்சி மட்டும் அசையும். அந்த நேரத்தில் தாளைத் திருப்பித் தயாராகுங்கள். அழிப்பான் கொண்டுபோகாதீர்கள். பிளாஷ் போட்டுப் படமெடுக்கவே கூடாது, ஆடுபவரின் கண்ணில் அடித்தால் அடி தவறும்.

முகம் எழுதும்போது ஒப்பனைக் கொட்டகையில் உட்கார, குழுவை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் வரைந்ததில் ஒன்றை அந்த வேஷக்காரருக்கே கொடுங்கள். கலைஞர்களுக்குப் பணம் கொடுப்பதென்றால் மைக்கில் பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லியும் கொடுக்கலாம்.

19. கூத்துக் கிரீடம் கல்யாண முருங்கை மரத்துல செய்யறாங்களாமே. அதுல கிளைடர் பண்ணலாமா?

நல்ல கேள்வி. புஜக்கட்டையும் (தோளில் கட்டும் மர அணி) கிரீடமும் விடிய விடிய உடம்பில் இருக்க வேண்டும் என்பதால் எடைகுறைந்த மரம் தேடி நம்மவர்கள் பிடித்தது கல்யாண முருங்கை. அதைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டுகிறார்கள். மாதிரி விமானக்காரர் பால்சாவைத் தேடிப் போனதும் அதே காரணத்துக்குத்தான். பழைய புஜக்கட்டை ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்: கண் எதிர்பார்க்கும் எடையில் பாதிகூட இருக்காது, தோள் உட்காரும் உள்பக்கம் குடைந்து மெலிந்திருக்கும். தேவையில்லாத இடத்தில் மரத்தை விட்டுவைக்கவில்லை.

ஆனால் இறக்கைக்கு அது ஆகாது. பால்சாவைவிடக் கனம், மெல்லிய தகடாக அறுத்தால் முறுக்கிக்கொள்ளும், சரியாக உலர்த்தாவிட்டால் பூச்சி துளைக்கும். பெரிய கிளைடரின் மூக்குக் கட்டைக்கு அருமையாகப் பொருந்தும்: அங்கே எடை எப்படியும் வேண்டும், மண்ணில் மோதினாலும் பால்சா போலச் சில்லாகப் பிளக்காமல் நசுங்கித் தாங்கும். நிழலில் இரண்டு மாதம் உலர்த்திய துண்டாக எடுத்து, செதுக்கியபின் மெல்லிய வார்னிஷ் ஒரு கை கொடுத்து, கேள்வி 4-ல் உள்ள ஈர்ப்பு மையத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். களிமண் முன்பைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும்.